டிகோடருக்குக் காசு கொடுத்தது யார்?

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிக் கடையில் சிஸ்டம் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் பையன் படிப்புக்கு என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பிராசஸர், ராம் என்று நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறபோது, "தம்பி, இதுல படம் ஓடும்ல?" என்பார். ஓடும்ணே என்பேன். அந்த 'ஓடும்' கொட்டேஷனில் எந்த வரியிலும் இருக்காது. மதர்போர்டுக்கு ஒரு வரி, சிடி டிரைவுக்கு ஒரு வரி, மவுஸ் பேடுக்குக்கூட ஒரு வரி உண்டு. தட்டில் இருக்கிற எண்களைப் படமாகவும் பாட்டாகவும் மாற்றித் தருகிற புரோகிராமுக்கு மட்டும் வரி கிடையாது. அதை டிகோடர் என்போம், கோடெக் என்போம், பிளக்இன் என்போம். வாடிக்கையாளர் "பிளேயர் போட்டுக் குடுங்க" என்பார். வரி இல்லையே தவிர, அதற்கு விலை இருந்தது. அந்த விலையை யார் தலையில் கட்டுவது என்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிய கம்பெனிகள் இருபது வருஷம் மல்லுக்கட்டின. கம்ப்யூட்டரில் தட்டு ஓட்டிய கதை என் பார்வையில் முக்கால்வாசி அந்த மல்லுக்கட்டுதான்.

ஆடியோ சிடி வரைக்கும் இந்தப் பிரச்சினை எழவில்லை. பிலிப்ஸும் சோனியும் 1980-இல் விதி வகுத்து, 1982 அக்டோபரில் ஜப்பானில் முதலில் கடைக்கு வந்த தட்டு அது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் அப்படியே எழுதியிருப்பார்கள். சுருக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. அதைப் பாட்டாக்குகிற சிப் சிடி டிரைவுக்குள்ளேயே இருந்தது. பழைய டிரைவின் முகப்பில் ஹெட்ஃபோன் செருகத் துளை, விரலால் உருட்டுகிற வால்யூம் சக்கரம், சிலவற்றில் பிளே பட்டனும் இருக்கும். பெட்டிக்குக் கரண்ட் வந்தால் போதும், விண்டோஸ் ஏறாமலேயே பாட்டு கேட்கலாம். டிரைவின் பின்பக்கம் நாலு பின் வைத்த சின்ன சாக்கெட்டிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு மெல்லிய வயர் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் மறக்கிற முதல் பொருள் அந்த வயர். கேம்ஸில் சத்தம் வரும், விண்டோஸ் திறக்கும்போது மணி அடிக்கும், ஆடியோ சிடி போட்டால் மட்டும் நொடி ஓடுமே தவிர மூச்சு வராது. பெட்டியைத் திறந்து அந்த வயரைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. டிரைவிலிருந்து எண்களை நேரடியாக வாங்கிக்கொள்கிற பிளக்இன்கள் வின்ஆம்ப்பிலும் பிறகு விண்டோஸிலும் வந்த பின்னால்தான் அந்த வயருக்கு வேலை இல்லாமல் போனது.

ஆடியோ சிடியை விண்டோஸில் திறந்தால் 'டிராக்01' என்று வரிசையாக சிடிஏ ஃபைல்கள் தெரியும். ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு அதில் இல்லை. எந்தப் பாட்டு தட்டில் எங்கே ஆரம்பிக்கிறது என்ற விலாசம் மட்டும் இருக்கிறது. பத்து சிடியின் பாட்டையும் ஒரே ஃபிளாப்பியில் காப்பி பண்ணிவிட்ட பெருமையோடு கல்லூரிப் பையன்கள் கடைக்கு வருவார்கள். வீட்டில் சிடி உள்ளே இருந்தபோது பாடியது, இங்கே பாடவில்லை என்று எங்கள் சிஸ்டத்தைத்தான் குறை சொல்வார்கள்.

வீடியோ சிடி வேறு ரகம். அதற்குப் பின்னால் இருந்த கணக்கை நான் இன்றும் ரசிக்கிறேன். ஆடியோ சிடி நொடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. அதே தட்டு, அதே வேகம். அதற்குள் படத்தையும் சத்தத்தையும் அடைக்க வேண்டும். எம்பெக்-1 சுருக்கத்தில் படத்துக்கு 1,150 கிலோபிட், சத்தத்துக்கு 224 கிலோபிட் என்று பிரித்தார்கள். நம் டிவி முறைக்குப் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளி. 1993-இல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிடா, ஜேவிசி நால்வரும் சேர்ந்து விதிப் புத்தகம் போட்டார்கள். கரோக்கே தட்டுக்காக ஆரம்பித்த வேலை அது. பல விசிடிகளில் 'கரோக்கே' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் காலியாகவே கிடக்கும், நம் ஊரில் அதை யாரும் கண்டுகொண்டதில்லை. அதே வருஷம் சீனாவின் ஹெஃபெய் நகரத்து வான்யான் என்ற கம்பெனி, அமெரிக்க சி-கியூப் சிப்பை வைத்து வீட்டு விசிடி பிளேயரைச் செய்தது. மேற்கே பெரிதாக யாரும் சீண்டாத விசிடி, சீனாவிலிருந்து ஆசியா முழுக்கப் பரவியது அந்த வழியில்தான்.

நம் சினிமாவுக்கு விசிடி பொருந்திப்போனதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு தட்டு 74 நிமிஷம், பிறகு 80. இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு தட்டு. முதல் தட்டு முடிகிற இடம் பெரும்பாலும் இடைவேளையை ஒட்டியே வரும். எழுந்து தட்டை மாற்றி, அப்படியே காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற இங்கிலீஷ் படத்தில், யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருக்கும்போதே தட்டு தீர்ந்துவிடும்.

650 எம்பி என்று அட்டையில் போட்ட தட்டில் 730 எம்பிக்கு மேல் படம் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது எப்படி என்று விவரமான வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டிலும் 2,048 பைட்தான் நம் சரக்கு. பக்கத்தில் இருப்பது, கீறல் விழுந்தால் கணக்குப் போட்டு மீட்க உதவுகிற உபரி. விசிடியில் அந்த உபரியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டுத் துண்டுக்கு 2,324 பைட் படம் ஏற்றினார்கள். எக்ஸல் ஷீட்டில் ஒரு எண் தவறினால் ஆபத்து. படத்தில் ஒரு நொடி நாலு கட்டம் பச்சையாகத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் விசிடி பார்க்க எம்பெக் கார்டு என்று தனியாக ஒன்று தேவைப்பட்டது. சிக்மா டிசைன்ஸின் ரீல்மேஜிக் போன்றவை. டிகோடருக்கான காசு அந்தக் கார்டின் விலையிலேயே அடங்கியிருந்தது, அதனால் யாருக்கும் தனியாக உறைக்கவில்லை. 1997 ஜனவரியில் பென்டியம் எம்எம்எக்ஸ் வந்தது. கார்டு செய்த வேலையைப் பிராசஸரே செய்தது. டிகோடர் வெறும் சாஃப்ட்வேர் ஆனது. சாஃப்ட்வேர் ஆனதும் எங்கள் கையில் இருந்த ஜிப் வைத்த சிடி பவுச்சுக்குள் அது வந்து சேர்ந்துவிட்டது. ஸிங் எம்பெக் பிளேயர் ஒன்று, சீனத்திலிருந்து வந்த ஹீரோசாஃப்ட் ஒன்று. ஹீரோசாஃப்ட்டின் பட்டன்கள் கண்ணைக் கூசும், ஆனால் கீறல் தட்டில் மற்ற பிளேயர்கள் உறைந்து நிற்கிற இடத்தை அது தாண்டிப் போகும். எங்கள் வாடிக்கையாளர்களின் தட்டுகளுக்கு அந்தக் குணம்தான் வேண்டியிருந்தது. விண்டோஸ் 98 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டின் மீடியா பிளேயரே எம்பெக்-1 ஓட்டியது. எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள் போய், ஏவிசெக்01 என்ற டேட் ஃபைலை இழுத்துப் போட்டால் படம் ஆரம்பித்துவிடும். சென்னைக்குப் பார்ட்ஸ் எடுக்க ரிச்சி தெரு போகிறவர்கள் திரும்பும்போது பர்மா பஜாரில் எட்டிப் பார்க்காமல் வந்ததில்லை. திருட்டு விசிடி பெருத்து, 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களையும் சேர்த்தது. தட்டு ஓட்டுவதில் அது பெரிய அத்தியாயம்தான். ஆனால் அதைச் சினிமாக்காரர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் டிகோடருக்கே வருகிறேன்.

டிவிடி வந்ததும் விஷயம் வழக்கறிஞர்கள் கைக்குப் போனது. 1996 நவம்பரில் ஜப்பானில், 1997 மார்ச்சில் அமெரிக்காவில். ஒரு பக்கம் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி, படம் எம்பெக்-2, சத்தம் பெரும்பாலும் டால்பி. எம்பெக்-2 பல கம்பெனிகளின் காப்புரிமைகள் பின்னிக் கிடக்கிற சங்கதி. அவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வசூலிக்க எம்பெக் எல்ஏ என்று ஓர் அமைப்பு 1997-லிருந்து இருந்தது. டிகோடர் ஒன்றுக்கு 2002-இல் இரண்டரை டாலர், 2010-லிருந்து 2 டாலர். டால்பிக்குத் தனி. அதற்கு மேல் சிஎஸ்எஸ் என்ற பூட்டு, அதற்கு மேல் உலகத்தை ஆறாகப் பிரித்த ரீஜன் கோடு. அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, நாம் ஆப்பிரிக்காவோடும் ரஷ்யாவோடும் சேர்ந்து 5.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. டிவிடி டிரைவ் போட்டு, தட்டை உள்ளே தள்ளி, மீடியா பிளேயரைத் திறந்தால் டிகோடர் இல்லை என்று சொல்லும். பிளேயர் இருக்கிறது, மெனு இருக்கிறது, பட்டன் இருக்கிறது. படத்தைப் பிரித்துத் தருகிற பிளக்இன்னை மட்டும் மைக்ரோசாஃப்ட் வைக்கவில்லை. ஒவ்வொரு காப்பிக்கும் அந்தச் சில டாலரைத் தன் கையிலிருந்து கொடுக்க அதற்கு மனம் இல்லை. சைபர்லிங்க், இன்டர்வீடியோ போன்ற கம்பெனிகளின் டிகோடர் பேக்கைச் சுமார் 15 டாலர் கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள். சிம்மக்கல்லில் கிரெடிட் கார்டு வைத்திருந்த வாடிக்கையாளர் எத்தனை பேர்? டிவிடி டிரைவின் பெட்டிக்குள் பவர்டிவிடி சிடி ஒன்று சேர்த்துக் கொடுப்பார்கள். முறையாக லைசென்ஸ் கட்டிய டிகோடர் எங்கள் ஊருக்கு வந்த ஒரே வழி அதுதான். அந்த ஒரு சிடி பவுச்சில் இருந்துகொண்டு எத்தனை சிஸ்டத்துக்கு உழைத்தது என்பதை விட்டுவிடுவோம். அதைப் போட்ட பிறகு மீடியா பிளேயருக்கும் உயிர் வந்துவிடும். பவர்டிவிடி கொண்டுவந்த டிகோடரை எக்ஸ்பி தானும் எடுத்து உபயோகித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் எங்களுக்குக் கிடைத்த நிரந்தரப் பிழைப்பு, 'படம் வருது, சத்தம் வரலை'. விண்டோஸில் ஒரு ஃபைல் ஓடுவது நாலு பேர் கைமாற்றுகிற வேலை. ஒருவர் தட்டிலிருந்து எடுப்பார், ஒருவர் படத்தையும் சத்தத்தையும் பிரிப்பார், ஒருவர் சுருக்கத்தை விரிப்பார், ஒருவர் திரையில் போடுவார். இந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிளக்இன். படத்துக்கு ஆள் இருந்து, டால்பி சத்தத்தை விரிக்க ஆள் இல்லையென்றால் வாய் மட்டும் அசையும். ஏசி3 ஃபில்டர் என்ற சின்ன இலவச பிளக்இன்னைப் போட்டால் கதாநாயகன் பேசிவிடுவான். சில வீடுகளில் பையன் ஏற்கெனவே கோடெக் பேக் ஒன்றுக்கு மேல் போட்டு வைத்திருப்பான். ஒரே வேலைக்கு நாலு பிளக்இன் போட்டி போடும். விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. அதிகம் உள்ளது ஜெயிக்கும். ஒவ்வொரு புரோகிராமும் தனக்குத்தானே மதிப்பெண்ணை ஏற்றிப் போட்டுக்கொள்ளும் என்பதால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே கிடையாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கே-லைட் ஒன்றை மட்டும் போட்டு, "இனிமே எதையும் தொடாதே" என்று பையனிடம் சொல்லிவிட்டு வருவேன். அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து போன் வரும்.

ரீஜன் கோடு இதைவிடக் கொடுமை. 2000-லிருந்து வந்த டிரைவ்களில் ரீஜன் எண் டிரைவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஐந்து முறைதான் மாற்றலாம். டிவைஸ் மேனேஜரில் டிரைவைத் திறந்தால், மாற்ற இன்னும் எத்தனை வாய்ப்பு பாக்கி என்று காட்டும். அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி வந்த ஆங்கிலப் படத் தட்டை அப்பா போடுவார், மாற்றவா என்று கேட்கும், சரி என்பார். மறுநாள் இங்கே வாங்கிய தட்டு, மறுபடி சரி. ஐந்தாவது சரியோடு டிரைவ் அமெரிக்கப் பிரஜையாகிவிடும். விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் மாறாது. பஜாரில் வாங்கிய, ஒரே டிவிடியில் நாலு படம் அடைத்த தட்டு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓடும், ஏனென்றால் அதில் ரீஜனும் இல்லை, சிஎஸ்எஸ்ஸும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவனை மட்டும் வாசலில் நிறுத்திச் சோதிக்கிற பூட்டை இத்தனை பெரிய மூளைகள் உட்கார்ந்து செய்திருக்கின்றன.

அந்தப் பூட்டு உடைந்த விதம் எனக்குப் பிடித்த கதை, காரணம் அதில் எங்கள் பவுச்சுக்காரர் வருகிறார். சிஎஸ்எஸ் வெறும் 40 பிட் சாவி. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பிளேயர் கம்பெனிக்கும் ஒரு சாவி. அதை ஒளித்து வைப்பது அவர்கள் பொறுப்பு. நாங்கள் விசிடி ஓட்டிய அதே ஸிங் கம்பெனி டிவிடி பிளேயரும் செய்தது, தன் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டது. நார்வேயில் 15 வயதுப் பையன் யோன் லெக் யோஹான்சென், பெயர் தெரியாத கூட்டாளிகளோடு சேர்ந்து, 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற புரோகிராமை வெளியிட்டான். லினக்ஸில் டிவிடி பார்க்க அதிகாரபூர்வமான பிளேயர் ஏதும் இல்லை என்பது அவன் தரப்பு. 2000 ஜனவரியில் போலீஸ் வீட்டுக்கு வந்தது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது, மேல்முறையீட்டிலும் அதே வருஷம் டிசம்பரில் விடுதலை. தான் வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமில்லை என்பதுதான் சாரம். அமெரிக்காவில் அதே புரோகிராமை வெளியிட்ட 2600 பத்திரிகை 2000-இல் வழக்கில் தோற்றது. நம் நாட்டில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தபோது, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்று எழுதினார்கள். அது விவேகமான வரி.

லினக்ஸ் பக்கம் வேறு தினுசு. பிசிகுவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடிகளை வைத்து நாங்கள் விளையாடிய காலம். ரெட்ஹாட் 8.0, 2002-இல், காப்புரிமைக்குப் பயந்து எம்பி3 ஓட்டுவதையே எடுத்துவிட்டது. டிவிடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸைன், எம்பிளேயர் என்ற பிளேயர்களை இறக்கி, டிவிடிக்கான பிளக்இன்னைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். பிளேயரை ஒரு நாட்டிலும் பூட்டு திறக்கிற பிளக்இன்னை இன்னொரு நாட்டிலும் வைத்திருப்பார்கள். எங்கள் டயல்அப்பில் அதை இறக்குகிற நேரத்துக்குப் படத்தைத் தியேட்டரிலேயே இரண்டு ஆட்டம் பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஓயவைத்தது பாரிஸ் பக்கத்து எகோல் சென்ட்ரால் மாணவர்கள். ஹாஸ்டல் நெட்வொர்க் மந்தமாக இருக்கிறது, கேம்ஸ் ஆட முடியவில்லை. வேகமான நெட்வொர்க் வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். நெட்வொர்க் வழியாக அறைக்கு அறை டிவி அனுப்புகிறோம் என்று 1996-இல் ஒரு திட்டம் போட்டார்கள். அதன் பிளேயர் பாகம்தான் விஎல்சி. அதன் சின்னமான, சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு அந்த மாணவர்கள் தூக்கிவந்து சேர்த்தது. 2001 பிப்ரவரியில் விஎல்சி ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. விண்டோஸின் பிளக்இன் சந்தையை அது எட்டிக்கூடப் பார்க்காது. தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே கொண்டுவந்துவிடும். 'பிளக்இன்ஸ்' என்ற அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறேன்: ஆடியோ சிடிக்கு ஒரு ஃபைல், விசிடிக்கு ஒரு ஃபைல், டிவிடிக்கு இரண்டு. கூடவே லிப்டிவிடிசிஎஸ்எஸ். அதற்கு யாருடைய சாவியையும் திருடத் தேவையில்லை. தட்டில் உள்ள சங்கேதத்தையே ஆராய்ந்து சாவியைக் கண்டுபிடித்துவிடும். 40 பிட் பூட்டு அவ்வளவு பலவீனம். டாலர் கணக்கு? மென்பொருளுக்குக் காப்புரிமையை எங்கள் சட்டம் ஏற்பதில்லை என்பது அவர்களின் பதில். இந்தியாவிலும் 3(கே) பிரிவு கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. 2004 கடைசியில் ஓர் அவசரச் சட்டத்தால் அதைத் தளர்த்தப் பார்த்து, 2005-இல் நாடாளுமன்றத்தில் கைவிட்டார்கள். என் பவுச் அதோடு இளைத்துவிட்டது. புது சிஸ்டத்தில் கோன் போட்டோமா என்பதுதான் கேள்வி.

எல்லா முடிச்சும் அவிழ்ந்தபோது தட்டே போகத் தொடங்கியிருந்தது. மோசர் பேயர் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. மளிகைக் கடையில் ஒரிஜினல் தட்டு தொங்கியது அப்போதுதான். திருட்டுத் தட்டுக்காரரோடு விலையில் மோத முடிந்த ஒரே கம்பெனி. 2018-இல் அது கலைப்புக்குப் போனது. விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியத்தில் தானே டிவிடி ஓட்டிய மைக்ரோசாஃப்ட், 2012-இல் விண்டோஸ் 8-இலிருந்து அதை எடுத்துவிட்டது. டிரைவே இல்லாத லேப்டாப்புக்கெல்லாம் எதற்கு டிகோடர் காசு கட்ட வேண்டும் என்றது. எம்பெக்-2-இன் கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் காலாவதியானது. இருபது வருஷம் சண்டை போட்ட பொருள் அன்றைக்கு அங்கே இலவசமானது; கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போது என்னிடம் வருவது கல்யாணத் தட்டுகள். 2002-லிருந்து 2012 வரைக்கும் கல்யாணம் செய்தவர்கள் வீட்டு பீரோவில் விசிடியாகவோ டிவிடியாகவோ அது இருக்கிறது, டிரைவ் இல்லை. டிவிடி என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. வெள்ளிப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. சில வீடியோகிராபர்கள் ஃபைனலைஸ் செய்யாமலே கொடுத்திருப்பார்கள், அதுதான் தொல்லை. விசிடியில் வெள்ளி மேல்பக்கம், ஒரு வார்னிஷ் பூச்சுக்கு அடியில் மட்டும். அந்த மேல்பக்கத்தில்தான் மாப்பிள்ளை பெண் போட்டோ போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள். ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறதே என்று பிய்த்தால், ஸ்டிக்கரோடு வெள்ளியும் உரிந்து வரும்; தாலி கட்டுகிற கட்டம் பசையில் ஒட்டிக்கொண்டு போய்விடும். பிய்க்காமல் கொண்டு வாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேட் ஃபைலைச் சாதாரணமாக இழுத்து காப்பி செய்தால் முதல் கீறலிலேயே விண்டோஸ் எரர் காட்டி நின்றுவிடும். மீட்க உதவுகிற உபரியைத்தான் 1993-லேயே எடுத்துவிட்டார்களே. துண்டு துண்டாகப் படித்து, படிக்க முடியாத துண்டை விட்டுவிட்டு மேலே போகிற டூலைத்தான் உபயோகிக்க வேண்டும். டிரைவும் பழசாக, மெதுவாகச் சுழல்வதாக இருந்தால் நல்லது. எடுத்த எம்பெக்-1-ஐ நான் மறுபடி சுருக்குவதில்லை. உறையை மட்டும் மாற்றி எம்பிஜி ஆக்கிக் கொடுக்கிறேன். 4கே டிவியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, எச்டி ஆக்கித் தர முடியாதா என்பார்கள். 352-க்கு 288-இல் எடுத்து வைத்த முகம் அவ்வளவுதான் என்று விளக்குவேன். முடியும் என்று சொல்லி ஆயிரம் ரூபாய் வாங்குகிற கடைகள் இருக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன்னால், பழைய ஃபைலையும் சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.